பிரித்துப் பார்த்தவர்

அரவைப் பருவத்தில் மூங்கில்துறைப்பட்டுக்கு வருவோர் முதலில் காண்பது கரும்பைத்தான். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் வாயிலில் தொடங்கும் டிராக்டர் வரிசை சாலையோரம் நெடுந்தொலைவு நீண்டு கிடக்கும். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்தும் தென்பெண்ணைக் கரை ஊர்களிலிருந்தும் வந்த சுமைகள் தத்தம் முறைக்காகக் காத்திருக்கும். அத்தகைய ஒரு நாளில் என் மைத்துனர் மகன் சென்னையிலிருந்து ஒரு சொகுசுக் காரில் வந்து இறங்கினான். கார் அவனுடையதன்று, நண்பர் ஒருவருடையது. தானும் அதுபோல் ஒன்று வாங்கும் எண்ணத்தில் இருப்பதால், நம் ஊர்ச் சாலையில் அது எப்படி ஓடுகிறது என்று பார்க்கவே இரவல் வாங்கி வந்திருந்தான்.

அவன் மனத்தில் மூன்று கார்கள் இருந்தன. பிஎம்டபிள்யூவின் 3 வரிசை, மெர்சிடிஸ் பென்ஸின் சி கிளாஸ், ஆடியின் ஏ4 ஆகிய மூன்றுமே ஜெர்மானியப் பெயர் தாங்கியவை. மூன்றுமே நம் நாட்டிலேயே பூட்டப்படுபவை. முதலாவது செங்கல்பட்டை அடுத்த மகேந்திரா சிட்டியிலும், இரண்டாவது புணே அருகே சாக்கனிலும், மூன்றாவது ஔரங்காபாதிலும் உருப்பெறுகின்றன. மூன்றையும் சென்னையில் அவன் ஓட்டிப் பார்த்துவிட்டான். ஒன்றில் ஸ்டியரிங் கைக்கு அடங்கி நிற்கிறது. ஒன்றில் பின்னிருக்கை படுக்கைபோல் இருக்கிறது. ஒன்றில் உள்ளே சத்தமே கேட்பதில்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தை எது எத்தனை நொடியில் எட்டுகிறது என்பதும் அவனுக்கு மனப்பாடம். ஆற்றுப் பாலத்திலிருந்து சங்கராபுரம் வரை என்னையும் அமர்த்தி ஓட்டிக் காட்டினான். வண்டி சுகமாகத்தான் போயிற்று. ஆலைக்கருகே உதிர்ந்து கிடந்த கரும்புச் சோகையின் மேல் ஏறியபோதுகூட உடல் குலுங்கவில்லை. வேகத்தடை ஒன்றில் மட்டும் அடிவயிறு உரசியது. தரைக்கும் காருக்கும் இடைவெளி குறைவு.

திரும்பி வந்து நிறுத்தியபோது, எதிரே டிராக்டர் பழுது பார்க்கும் கொட்டகையில் ஒரு சிறுவன் கியர் பெட்டியைப் பிரித்து, பற்சக்கரங்களைச் சாக்கின் மேல் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். காரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு எழுந்து வந்து, முன்மூடியைத் திறந்து காட்ட முடியுமா என்று கேட்டான். திறந்தால் உள்ளே கறுப்பு நிற பிளாஸ்டிக் மூடி ஒன்றே தெரிந்தது. அவன் ஏமாற்றத்துடன் மீண்டும் சாக்குக்குச் சென்றுவிட்டான். அந்த நேரத்தில் எனக்கு ஜி.டி.நாயுடுவின் நினைவு வந்தது.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே சூலூர் வட்டாரத்திலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. குடும்பத் தொழில் உழவு. தாயை இளமையிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது. அதன் பின் கற்றதெல்லாம் தாமே தேடிப் படித்ததும், கையால் தொட்டு அறிந்ததும்தான். பிற்காலத்தில் பொறியியல் கல்லூரி ஒன்றின் முதல்வர் நாற்காலியில் இந்த மனிதர் அமர்ந்தார் என்பதை இப்போதே சொல்லி வைக்கலாம்.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். வருவாய்த் துறையைச் சேர்ந்த வெள்ளைக்கார அலுவலர் ஒருவர் ரட்ஜ் வண்டியில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடும் ஒன்றை அந்த இளைஞர் கண்டது அதுவே முதல்முறை. கண்டவர்கள் அன்று பலர் இருந்திருப்பர்; வியந்து வீடு திரும்பியிருப்பர். துரைசாமி கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் காசு சேர்த்து, சில நூறு ரூபாய் கொடுத்து அதே வண்டியை வாங்கினார். வாங்கியபின் செய்த முதல் காரியம் அதைப் பிரித்துப் போட்டதுதான். ஒவ்வோர் உறுப்பும் எதற்கு இருக்கிறது என்று அறிந்துகொண்டு திரும்பப் பூட்டினார். மூன்றாண்டு உழைப்பின் பயன் முழுவதும் தரையில் இரும்புத் துண்டுகளாகக் கிடந்த அந்த வேளையில், திரும்பப் பூட்டத் தெரியாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அவருக்கு அந்த அச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

இடையில் பருத்தி வணிகத்தில் இறங்கிப் பொருள் ஈட்டினார். ஈட்டியதைப் பம்பாய்ச் சந்தையில் இழந்தார். வணிகச் சூதாட்டம் தமக்குரியதன்று என்பதை அங்கே கற்றுக்கொண்டு, மீண்டும் இயந்திரங்களின் பக்கமே வந்தார்.

கோவையில் அப்போது பெருந்தொழில் நடத்திய ஆங்கிலேயர் ராபர்ட் ஸ்டேன்ஸ். இளைஞரிடம் ஏதோ ஒன்றைக் கண்ட அவர், பேருந்து வாங்கக் கடன் உதவினார். எட்டாயிரம் ரூபாய் விலையில் பாதிப் பணம் அவர் தந்தது என்பர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்தப் பேருந்து ஓடத் தொடங்கியது. உரிமையாளரே ஓட்டுநர். பழனி மலைக்குச் செல்லும் பக்தரும், சந்தைக்குச் செல்லும் வணிகரும் அதுவரை மாட்டு வண்டியையே நம்பியிருந்த வழித்தடம் அது.

ஒரு வண்டி பல வண்டிகளாயிற்று. யுனைடெட் மோட்டார் சர்வீஸ் என்றும் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்றும் எழுதப்படும் யு.எம்.எஸ். நிறுவனம், 1930-களின் தொடக்கத்திலேயே இருநூற்றுக்கு மேற்பட்ட பேருந்துகளை இயக்கியது. எண்ணிக்கையைவிட, அந்த வண்டிகள் பெற்றிருந்த நற்பெயரே கருதத்தக்கது. குறித்த நேரத்தில் புறப்படும், குறித்த நேரத்தில் சேரும் என்று மக்கள் நம்பினர். பயணிகள் நிறைந்த பின்பே வண்டி நகரும் என்பது வழக்கமாயிருந்த காலம் அது. நேரம் தவறாமை என்பது ஒரு பேருந்து முதலாளிக்கு ஒழுக்கப் பிரச்சினை மட்டுமன்று, இயந்திரப் பிரச்சினையும்கூட. வழியில் நிற்காத வண்டிதான் நேரத்துக்குச் சேரும். வழியில் நிற்காத வண்டி வேண்டுமானால், அது நிற்பதற்கு முன்பே அதன் உள்ளுறுப்புகளின் தேய்மானம் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொங்கு நாட்டுப் புழுதிச் சாலையில் நாள்தோறும் ஓடிய அந்த வண்டிகள்தாம் நாயுடுவின் சோதனைக் கூடம். வெளிநாட்டு நிறுவனங்களின் வண்டிகள் காட்சிக்கூடத்தில் காட்டிய குணம் வேறு, பழனிச் சாலையில் காட்டிய குணம் வேறு என்பதை அவர்போல் அறிந்தவர் அன்று இந்தியாவில் சிலரே இருந்திருப்பர்.

1930-களில் அவர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பயணம் மேற்கொண்டார். கையில் எப்போதும் படக்கருவி இருந்தது. 1936-இல் லண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை அவரே படம் பிடித்தார். காந்தியடிகளையும் நேருவையும் சுபாஷ் சந்திர போஸையும் அவருடைய கருவி பதிவு செய்திருக்கிறது. ஜெர்மனியில் ஹிட்லரைச் சந்தித்ததாகவும் அவர் வாழ்க்கையை எழுதியோர் குறிக்கின்றனர். அதைப் பெருமையாகச் சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு. பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. ஜெர்மனியில் அவரை ஈர்த்தவை தொழிற்சாலைகள். உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய ரேசன்ட் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு ஆகியவை அந்த ஆண்டுகளின் விளைச்சல்.

1937-இல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து பீளமேட்டில் அவர் அமைத்த நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ், இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டாரை வெளியிட்டது. அவர் செய்தவற்றுள் இதுவே மிகப் பெரியது என்பது என் கருத்து. சவரக் கருவியும் பழச்சாறு பிழியும் கருவியும் மண்ணெண்ணெய் விசிறியும் வாக்குப்பதிவு இயந்திரமும் படிக்கச் சுவையானவை. மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால், மேற்கு மாவட்டங்களின் வறண்ட கிணறுகளிலிருந்து நீரை மேலேற்றியது மின் மோட்டார். கோவையின் பம்புசெட் தொழில் வளர்ந்த வரலாற்றில் பீளமேட்டுப் பட்டறைக்கு உரிய இடத்தை எவரும் மறுக்க இயலாது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

1941-இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குத் தம்மால் செய்து தர இயலும் என்று அறிவித்தார். 1944-இல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தொழிலாளர் நலனுக்கும் கொடைகள் வழங்கினார். மறு ஆண்டு அவர் முயற்சியால், அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அதுவே. அதன் முதல்வராகவும் அவர் இருந்தார். நான்காண்டுப் பட்டப்படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குகிறது, பாதிக் காலத்தில் அதே கல்வியைத் தர முடியும் என்பது அவருடைய நிலைப்பாடு. அரசு உடன்படவில்லை. அவர் விலகிவிட்டார். அவர் சொன்னது முழுவதும் சரி என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லா மாணவரும் துரைசாமிகள் அல்லர். கணிதமும் இயற்பியலும் வேரூன்ற நாள் வேண்டும். ஆயினும், நான்காண்டு முடித்தும் ஓர் இயந்திரத்தைத் தன் கையால் பிரித்துப் பூட்டாத பொறியாளர்கள் ஆண்டுதோறும் வெளிவருவதை எண்ணும்போது, அவருடைய சினத்தின் காரணம் புரிகிறது.

இனி அந்தக் காருக்கு வருவோம்.

1952-இல் நாயுடுவின் பட்டறையிலிருந்து இருவர் அமரும் சிறு பெட்ரோல் கார் ஒன்று வெளிவந்தது. விலை 2,000 ரூபாய் என்று அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் நாடாளுமன்றம் 1951-ஆம் ஆண்டின் தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. குறித்த தொழில்களில் அரசின் உரிமம் இல்லாமல் புதிய ஆலை கிடையாது. நாயுடு உரிமம் கேட்டார், கிடைக்கவில்லை. கார் அத்தோடு நின்றது.

இதைத் தனியாக வைத்துப் பார்த்தால் ஒரு மனிதரின் வருத்தக் கதை. அதே காலத்தில் உலகின் பிற இடங்களில் நடந்தவற்றோடு வைத்துப் பார்த்தால்தான் இழப்பின் அளவு தெரியும். இத்தாலியில் ஃபியட்டின் குட்டிக் கார் 1936-லேயே சாலைக்கு வந்துவிட்டது. பிரான்ஸின் சிட்ரோயன், உழவர் முட்டைக்கூடையுடன் வயல்வழி செல்லத்தக்க 2சிவி காரை 1948-இல் பாரிஸில் காட்டியது. கண்டவர்கள் சிரித்தார்கள், பின்னர் பல லட்சம் பேர் வாங்கினார்கள். ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகனின் வண்டுக் கார் போரின் இடிபாட்டிலிருந்து ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே இழுத்துக்கொண்டு ஓடியது. சிறிய, மலிவான, பழுது பார்க்க எளிய கார் என்பது அன்று கனவு காண்போரின் கற்பனையன்று. உலகமே அந்தத் திசையில்தான் சென்றுகொண்டிருந்தது. நாயுடுவின் கார் தொழில்நுட்பத்தில் இவற்றுக்கு ஈடா என்பதைச் சாலைதான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குச் சாலை கிடைக்கவில்லை.

என் மைத்துனர் மகன் விரும்பும் மூன்று கார்களில் ஒன்றின் கதை இதைவிட வியப்பானது. பிஎம்டபிள்யூ, விமான எஞ்சின் செய்யத் தோன்றிய நிறுவனம். 1923-இல் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. 1928-இல் ஐசனாக் நகரத்து ஆலையை வாங்கிக் கார் தொழிலில் நுழைந்தபோது, அங்கே உருவாகிக்கொண்டிருந்தது ஆங்கிலேயரின் ஆஸ்டின் செவன் என்னும் சிறு காரின் உரிமப் பதிப்பு. போருக்குப் பின் அந்நிறுவனம் பெரிய சொகுசுக் காரையே நம்பியது. நாயுடுவின் கார் வெளிவந்த அதே 1952-இல்தான் 501 என்னும் அந்தக் கார் விற்பனைக்கு வந்தது. வாங்க ஆள் போதவில்லை. இழப்பு ஏறிக்கொண்டே போயிற்று. அந்நிலையில் கைகொடுத்தது எது தெரியுமா? இத்தாலியில் குளிர்சாதனப் பெட்டி செய்துவந்த ஐசோ நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்று, 1955-இல் வெளியிட்ட ஐசெட்டா என்னும் இருவர் அமரும் வண்டி. முட்டைபோன்ற வடிவம், முன்பக்கம் முழுவதுமே ஒற்றைக் கதவு, உள்ளே மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். 1962 வரை ஏறத்தாழ 1,60,000 வண்டிகள் விற்றன. ஆயினும் 1959-இல் நிறுவனம் போட்டியாளரான பென்ஸின் கைக்குப் போகும் நிலை வந்தது. பங்குதாரர்களின் எதிர்ப்பால் தப்பியது. குவாண்ட் குடும்பத்தின் முதலீட்டால் நிமிர்ந்தது. 1960-களின் தொடக்கத்தில் 1500 என்ற நான்கு கதவுக் காரை வெளியிட்டது. ஓட்டுவோருக்கு விளையாட்டுக் காரின் துடிப்பும், குடும்பத்துக்கு இருக்கையும் தரும் சொகுசு செடான் என்னும் வகைக்கே அது முன்னோடியாயிற்று. அதன் வழிவந்த 3 வரிசை 1975-இல் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் நாயுடு மறைந்தார். 2007 முதல் அந்த 3 வரிசை நம் செங்கல்பட்டு மண்ணிலேயே பூட்டப்படுகிறது.

கோவையில் ஓர் ஐசெட்டா தடுக்கப்பட்டது என்று சொன்னால் மிகை என்பார்கள். மிகையாகவே இருக்கட்டும். ஆனால், மோட்டார் சைக்கிளில் தொடங்கியவர், இருவர் அமரும் வண்டிக்கு வந்தவர், ஐசெட்டாவுக்கு மூன்றாண்டு முந்தியவர் என்ற அளவில் இந்த ஒப்பீடு பொய்யன்று. நம் நாட்டில் கார் என்பது சாமானியருக்கு எட்ட, 1983 டிசம்பரில் மாருதி வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவும் ஜப்பானின் சுசுகியோடு கூட்டுச் சேர்ந்து. இடையில் கழிந்தவை முப்பத்தோர் ஆண்டுகள். அத்தனை காலமும் அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஆகிய மூன்றுக்குள்ளேயே நடுத்தரக் குடும்பம் தேர்ந்தெடுத்தது. அதற்கும் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. ஒன்றை இன்னொன்றோடு ஓட்டிப் பார்த்து ஒப்பிடும் இன்பம் அன்று எவருக்கும் இல்லை.

குற்றம் முழுவதையும் அரசின்மேல் சுமத்துவதும் நேர்மையாகாது. அன்னியச் செலாவணி குறைவு, எஃகு குறைவு, எதை முதலில் செய்வது என்ற கேள்வி புதிய குடியரசின் முன் நின்றது. உழவனுக்கு டிராக்டரா, ஊருக்குப் பேருந்தா, வீட்டுக்குக் காரா என்றால், முதலிரண்டையும் தேர்ந்தவர்களைப் பழிக்க இயலாது. நாயுடுவிடமும் ஒரு குறை உண்டு. ஒன்றைச் செய்து முடித்த உடனே அவர் மனம் அடுத்ததற்குத் தாவிவிடும். பருத்தியில் புதுவகை, பப்பாளியில் புதுவகை, ஒரே நாளில் எழும் வீடு என்று கவனம் சிதறிக்கொண்டே இருந்தது. ஒரு பொருளை ஆண்டுக்குப் பத்தாயிரமாகச் செய்து குவிக்கும் சலிப்பான பொறுமை அவரிடம் இல்லை. வரிக் கொள்கைமீது கொண்ட வெறுப்பில், தாம் உருவாக்கிய கருவிகளைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்ததும் உண்டு. மோட்டார் சைக்கிளைப் பிரித்த கை, திரும்பப் பூட்டும் நோக்கத்தோடு பிரித்தது. இந்த உடைப்பில் அந்த நோக்கம் இல்லை. அவருடைய வாழ்க்கையில் எனக்கு மனம் ஒப்பாத பக்கம் இதுதான்.

இறுதி ஆண்டுகளில் இளைஞர்களுக்கு இயந்திரங்களைக் காட்டுவதிலேயே அவர் மனம் நின்றது. 1967-இல் தொடங்கிய தொழிற்பொருட்காட்சி அதன் விளைவு. 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் இயங்கும் அறக்கட்டளை வளாகத்தில் 2015 முதல் கார் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா என்று பல நாட்டுக் கார்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. 2025 அக்டோபரில் அதே சாலையின் மேல் திறக்கப்பட்ட பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அரசு அவர் பெயரையே சூட்டியது. உரிமம் மறுக்கப்பட்டவரின் பெயரைத் தாங்கிய பாலத்தின்மேல் இன்று எல்லா நாட்டுக் கார்களும் ஓடுகின்றன.

இவ்வளவையும் அன்று மாலை மைத்துனர் மகனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். மூன்றில் எதை வாங்குவது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. அடுத்த மாதம் கோவைக்குப் போகும்போது அந்த அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னான். அவன் புறப்பட்டபோது இருட்டிவிட்டது. ஆலைப் புகைபோக்கியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொட்டகைச் சிறுவன் கியர் பெட்டியைப் பூட்டி முடித்திருந்தான். டிராக்டர் ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்கிக் கரும்பு வரிசையின் கடைசியில் போய் நின்றது.